பூவரச மரத்தில் இரண்டு ஏணைகள்

சுனாமி வந்து மூன்றாவது மாதம் அது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்போது ஒரு கண் பாத்தியில், இன்னொரு கண் பறவையில். எல்லாம் டிவி செய்த வேலை. அலை வருவதற்கு முன்னாலேயே மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் தெரிந்துவிட்டது, மனுசனுக்குத்தான் தெரியவில்லை என்று யாரோ ஒரு படித்தவர் டிவியில் சொல்லிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். இங்கே ஒரு நாரை கழுத்தைத் தூக்கினால் இருபது பேர் கூடையைக் கீழே போட்டார்கள்.

நாரை என்று இந்த ஜனங்கள் சொல்வது பூநாரையை. கால் நீளமாக எது வந்து நின்றாலும் அவர்களுக்கு நாரைதான். தை பிறந்தால் கழுவெளிச் சதுப்பிலும் அதை ஒட்டிய உப்பளத் தண்ணீரிலும் ஐந்நூறு அறுநூறு என்று வந்து இறங்கிவிடும். உடம்பெல்லாம் வெள்ளை, சிறகை விரித்தால் உள்ளே ரோஸ். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துவிட்டுக்கொண்டு நாள் முழுக்க எதையோ அலசிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. "நம்மள மாதிரியே வெயில்ல நிக்குதுங்களே, அதுங்களுக்கு இன்னா கூலியோ" என்று கூடை சுமக்கிறவர்களில் மூத்தவளான மங்கம்மா எப்போதாவது கிண்டல் செய்வாள். அவ்வளவுதான் உறவு. இப்போது மங்கம்மாவே கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு முன் ஒரு தரம் தண்ணீர்ப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினாள்.

எல்லாரையும்விடப் பயம் சந்தியாவுக்கு. அவள் பிரம்மதேசத்துப் பெண். நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகிற ஊர். கல்யாணம் ஆன பிறகுதான் கடலைக் கிட்டத்தில் பார்த்தாள். பார்த்த முதல் நாளே அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறதே, இதற்கு அலுப்பே கிடையாதா என்று புருஷன் மோகனிடம் கேட்டாளாம். மோகன் லாரியில் லோடு ஏற்றுகிறவன், விடிவதற்கு முன்னால் புதுச்சேரிப் பக்கம் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அவன் அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தான். அலை வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தியா கைக்குழந்தையோடு ஈசிஆர் ரோட்டில் நின்றிருந்தாள். மீன்பிடிக் குப்பத்து ஜனம் தலையெல்லாம் சேறாக ஓடி வந்தது. அதில் ஒரு பெண் துணிச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து, சந்தியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுருளைப் பிரித்தாள். உள்ளே தலகாணி இருந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. தலகாணியைத் திரும்பச் சுற்றினாள், மறுபடியும் பிரித்தாள். அவளுடைய குழந்தை என்ன ஆனது என்று சந்தியா யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அப்புறம் தூங்க முடியாது என்று நினைத்தாள். தெரிந்துகொள்ளாமலும் தூங்கவில்லை.

உப்பளத்துக்கு நடுவில் பெரிய வரப்பு ஒன்று கிழக்கு மேற்காகப் போகும். கிழக்கே போனால் கால்வாய், சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டிக் கடல். மேற்கே அரை மைல் போனால் ஈசிஆர் ரோடு. வரப்பின் நடுவில் ஒரு பூவரச மரம். அந்த உப்பு மண்ணில் வேறு மரம் நிற்காது. அலைத் தண்ணீர் ஏறியதில் குப்பத்துப் புன்னை மரங்கள்கூட இலை கருகி நின்றன. இந்தப் பூவரசு மட்டும் கடல் தண்ணீரையும் குடித்துவிட்டு, முன்பைவிட அதிகமாகப் பூத்தது. காலையில் வெளிர் மஞ்சளாக விரியும் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. சாயங்காலத்துக்குள் பூவே செம்மண் நிறமாகி, சுருண்டு, வரப்பில் உதிர்ந்து கிடக்கும். வேலைக்கு வருகிறவர்களின் தூக்குவாளிகள், செருப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் அந்த மரத்தடியில்தான். பால் குடிக்கிற பிள்ளைகளும் அங்கேதான் தொங்கும், பழைய சேலையில் கட்டிய ஏணையில்.

அந்த வருஷம் இரண்டு ஏணை. ஒன்றில் சந்தியாவின் மகன் கௌதம், ஏழு மாதம். இன்னொன்றில் சகாயமேரியின் மகள் ரோஸ்லின், ஐந்து மாதம். சகாயமேரி சந்தியாவைவிட நாலைந்து வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். ரோஸ்லினுக்கு முன்னால் இரண்டு கலைந்துபோய், வேண்டாத சர்ச் இல்லை என்று வேண்டிப் பெற்ற பிள்ளை. உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்க வருகிறவள் எந்த ஏணை அழுகிறதோ அதை ஆட்டிவிட்டுப் போக வேண்டும். பால் இருக்கிறவள், யார் பிள்ளை அழுதாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பாத்தியின் ஒரு கோடியில் உப்பு வாருகிற தாயை மறுகோடியிலிருந்து கூப்பிட்டு, அவள் வருவதற்குள் குழந்தை தொண்டை வறண்டுவிடும். கௌதம் சகாயமேரியிடம் குடித்திருக்கிறான், ரோஸ்லின் சந்தியாவிடம் குடித்திருக்கிறாள். யாரும் அதற்குக் கணக்கு வைத்ததில்லை.

மாசி மாதம் ஒருநாள், கூழ் குடிக்க உட்கார்ந்தபோது சந்தியாதான் பேச்சை எடுத்தாள்.

"அத்தே, நாரை கெளம்பிச்சுன்னா இன்னா பண்றது?"

"நீயும் கெளம்பு, ரெக்க இருந்தா" என்றாள் மங்கம்மா. உமிரிக் கீரைப் பொரியலைத் தொட்டுக்கொண்டு கூழை உறிஞ்சினாள்.

"சிரிக்காதீங்க அத்தே. மேஸ்திரி என்னை ஒருநாள் கால்வா ஓரம் விடறாரு, ஒருநாள் ரோட்டாண்ட விடறாரு. புள்ள நடுவுல தொங்குது. நான் ரோட்டாண்ட இருக்கும்போது அலை வந்தா? கடல் பக்கமா ஓடி வந்து தூக்கிட்டுத் திரும்பி ஓட முடியுமா?"

"அதுக்கு இன்னா செய்யலாம்ன்ற?"

"கெழக்கால பாத்தில இருக்கறவங்க எப்படியும் மரத்தத் தாண்டித்தான ரோட்டுக்கு வரணும்? மொதல்ல வர்றவ கைக்கு எது கெடைக்குதோ அந்தப் புள்ளயத் தூக்கிட்டு ஓடிடணும். என் புள்ள உன் புள்ளன்னு தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. பின்னால வர்றவ மிச்சம் இருக்கறதத் தூக்கிக்கணும்."

சகாயமேரி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "அது நல்லதுதான்" என்றாள்.

"சத்தியமா சொல்லுக்கா."

"ரோஸ்லின் மேல சத்தியம். நீ இல்லாட்டி நான் கௌதம தூக்குவேன். நான் இல்லாட்டி நீ ரோஸ்லின தூக்கு. போதுமா?"

"டிவில வரப் போற மாதிரி பேசறாளுங்க பாரு" என்று மங்கம்மா எழுந்து கை கழுவப் போனாள். ஆனால் அவளும் அந்த ஏற்பாட்டைத் தப்பு என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் சந்தியா நன்றாகத் தூங்கினாள் என்று மோகன் பிற்பாடு சொன்னான்.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஒன்பது மணி வெயில். வெறும் வெயிலென்றால் பரவாயில்லை, பாத்தியில் விளைந்த உப்பு அதை வாங்கித் திருப்பி முகத்தில் அடிக்கும். சந்தியா சேலை மேல் மோகனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்தது மரத்துக்குக் கிழக்கே மூன்றாவது பாத்தி. சகாயமேரி இன்னும் கிழக்கே, கால்வாய்க்குப் பக்கத்தில், ஏழு எட்டுப் பாத்தி தள்ளி. மற்ற பெண்கள் மேற்கே ரோட்டோரக் குவியலில் கூடை கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி குழந்தைசாமியும் அங்கேதான் குடை பிடித்து நின்றார்.

முதலில் சத்தம்தான் வந்தது. தண்ணீரை நூறு பேர் ஒரே நேரத்தில் கையால் அடித்த மாதிரி. சந்தியா நிமிர்ந்தாள். வடக்கே கழுவெளிப் பக்கம் நின்ற நாரைகள் அத்தனையும் தண்ணீர்மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஓடி ஓடி, ஒவ்வொன்றாகக் கால் தூக்கி, மொத்தக் கூட்டமும் மேலே வந்துவிட்டது. வானத்தில் பாதி ரோஸாக இருந்தது. வாத்து கத்துவதுபோல் அத்தனையும் கத்தின. அதோடு கூழைக்கடா, உள்ளான், கொக்கு, பேர் தெரியாததெல்லாம் எழும்பி மேற்கே பார்த்துப் போயின.

"நாரை கெளம்பிடுச்சே!" யாரோ ஓர் ஆண் குரல்.

சந்தியாவின் கையிலிருந்த பலகை எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாத்தியில் ஓடினால் வழுக்கும் என்று தெரிந்தும் பாத்தியிலேயே ஓடினாள். உப்பு பாதத்தை அறுத்தது. வரப்பில் ஏறினாள். கிழக்கே பார்க்கக் கூடாது, பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பூவரசின் மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

மரத்துக்கு முதலில் வந்தவள் அவள்தான். வரப்பை ஒட்டிய கிளையில் தொங்கியது ரோஸ்லினின் ஏணை. கௌதமின் ஏணை அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம், நாலு எட்டு. காலையில் நிழல் பார்த்து அங்கே கட்டியவளும் அவளேதான். ஓடி வந்த வேகத்தில் தூக்குவாளிகள் காலில் இடறி உருண்டன, கூழும் கருவாட்டுக் குழம்பும் மண்ணில் கொட்டின. ரோஸ்லின் தூக்கம் கலைந்து அழுதாள். கைக்கு எது கிடைக்கிறதோ அது. சந்தியா ரோஸ்லினை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டையும் தூக்கியிருக்கலாமே என்று பிற்பாடு ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்த வரப்பு ஒன்றரை முழ அகலம். இரண்டு பக்கமும் வழுக்குகிற பாத்தி. விழுந்தால் பிள்ளையோடுதான் விழ வேண்டும். அதெல்லாம்கூடப் போகட்டும், இன்னும் இரண்டு நிமிஷத்தில் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று நம்புகிறவளுடைய காலில் நின்றுகொண்டு அதைக் கேட்க வேண்டும்.

"அக்கா! என் புள்ளய எடு! என் புள்ளய எடுத்துக்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பதில் வந்ததா என்று தெரியவில்லை. பறவைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

ரோட்டில் பஸ் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். ஜனம் ரோட்டு மேட்டில் ஏறி நின்று கிழக்கே கை காட்டிக் கத்தியது. மங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். சந்தியா மேட்டில் ஏறித் திரும்பினாள். வரப்பில் கடைசியாக ஓடி வந்துகொண்டிருந்தது சகாயமேரி. அவள் கையை வீசி ஓடி வந்தாள். இரண்டு கையையும் வீசி.

சந்தியாவுக்கு முதலில் அது புரியவில்லை. முதுகில் கட்டியிருப்பாள் என்று நினைத்தாள். சகாயமேரி மேடேறி வந்து, ரோஸ்லினைப் பிடுங்கி, முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். அவள் முதுகில் எதுவும் இல்லை.

"அக்கா, கௌதம் எங்க?"

சகாயமேரி குழந்தையிடமிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"அக்கா, என் புள்ள எங்கக்கா?"

"நீ... நீ எடுத்துட்டு வரலியா?"

"நான் உன் புள்ளய எடுத்துட்டு வந்தேன். இதோ உன் கையில இருக்குதே! என் புள்ள எங்க?"

"ஏணை காலின்னு நெனச்சேன் சந்தியா. ரெண்டும் காலின்னு..."

சந்தியா மேட்டிலிருந்து இறங்கினாள். மேஸ்திரி குழந்தைசாமி குடையை வீசிவிட்டு அவள் கையைப் பிடித்தார். "எங்க போற? அலை வருதுன்னு சொல்றாங்க, எங்க போற நீ? இரு, ஆம்பளைங்க நாலு பேர் போவட்டும். டேய், யாருடா வர்றீங்க?" யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எல்லாரும் டிசம்பரில் பிணம் தூக்கினவர்கள். சந்தியா மேஸ்திரியின் கையைக் கடித்தாள். அவர் விட்டார்.

இப்போது அவள் கடலைப் பார்த்து ஓட வேண்டியிருந்தது. பிள்ளைப் பாசம் வந்ததும் பயம் பறந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சவுக்குத் தோப்புக்கு மேலே கறுப்பாக ஏதாவது எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடினாள். இரண்டு தரம் நின்றுவிட்டாள். ஒரு தரம், இது வீண், பிள்ளையும் போய் நாமும் போகப் போகிறோம், திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியது என்பதை அவள் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி ஓடினாள்.

பாதி வழியில் வாய்க்கால் மதகின்மேல் செல்லப்பன் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உப்பளத்துக்குத் தண்ணீர் திறந்து அடைக்கிற ஆள், இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. ஓட முடியாதவர் ஓடவில்லை.

"எங்கம்மா இந்தப் பக்கம் ஓடற?"

"மாமா, அலை... அலை வருதா?"

"அலையாவது ஒண்ணாவது. கால்வாத் தண்ணி ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல, வெச்சது வெச்ச மாதிரி கெடக்குது. நாயிங்கம்மா. கடக்கர நாயிங்க, அஞ்சாறு இருக்கும். குப்பத்து ஜனம் சுனாமி ஷெட்டுக்குப் போனதுலருந்து அதுங்களுக்குச் சோறு போட ஆளு இல்ல. ஆம முட்டயத் தோண்டித் தின்னு பழகிடுச்சுங்க. நேத்து ஆட்டுக்குட்டி ஒண்ண அடிச்சிருக்குதுங்க. இன்னிக்கு நாரையத் தொரத்துச்சுங்க, அது கெளம்பிடுச்சு. ஒடனே நீங்கள்லாம் குடியே முழுகுன மாதிரி..." சிரித்தார். கூப்பிட்டுச் சொல்ல அவரும் முயன்றிருக்கிறார், யார் காதில் விழுந்தது?

சந்தியாவுக்கு உடம்பில் உயிர் வந்தது. அலை இல்லை. அலை இல்லை. ஒரு நிமிஷம் முழுசாக அந்தச் சந்தோஷம் அவளுக்குக் கிடைத்தது.

"நாயிங்க இப்ப எங்க மாமா?"

செல்லப்பன் முகவாயால் காட்டினார். "அதோ, பூவரச மரத்தாண்டதான் போச்சுங்க. சோத்து வாளியெல்லாம் அங்கதான வெச்சிருக்கீங்க. கருவாட்டு வாசன இழுக்காதா?"

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் செல்லப்பனுக்கு ஏணைகள் ஞாபகம் வந்தது. பீடியைப் போட்டுவிட்டு எழப் பார்த்தார், தடுமாறி மதகைப் பிடித்தார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

மூன்று மாதமாகக் கடலுக்குப் பயந்தவளுக்கு நாயைப் பற்றி ஒருநாளும் தோன்றியதில்லை. பாத்தியில் அவள் போட்டுவிட்டுப் போன பலகை மரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. வழியில் யாரோ ஓர் ஆள் போட்டுவிட்டு ஓடிய இன்னொரு பலகை வரப்போரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து நாய்கள். நான்கு, கொட்டிய கூழையும் குழம்பையும் மண்ணோடு நக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று பார்த்து உறுமின. செம்பட்டையாக இருந்த ஐந்தாவது அடிமரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நின்றது. ஏணைத் துணியின் மடிப்புக்கு வெளியே கௌதமின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நாய் அந்தக் காலை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்காலை, விரலை, மறுபடி உள்ளங்காலை. கூச்சம் தாங்காமல் உள்ளே பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான்.

கத்தினால் கவ்வும். அவளுக்கு அது யாரும் சொல்லாமல் தெரிந்தது. ஓடினாலும் கவ்வும். சந்தியா நடந்தாள். வீட்டில் பிள்ளையை எழுப்ப வருகிறவள் நடப்பதுபோல நடந்தாள்.

"இன்னாடா கண்ணு... சிரிக்கிறியா... சிரி, சிரி..." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அம்மா வந்துட்டேன் பாரு... காலு உள்ள இழுத்துக்கடா தங்கம்..."

நாய் நக்குவதை நிறுத்தித் தலையைத் திருப்பிப் பார்த்தது. பிள்ளைக்குச் சிரிப்பு நின்றது. இன்னும் வேண்டும் என்பதுபோல் காலை உதைத்தான், குதிகால் நாயின் மூக்கில் பட்டது. நாய் வாயைத் திறந்தது.

பலகை அதன் முதுகில் இறங்கியது. எப்படி அத்தனை தூரம் எட்டியது என்று அவளுக்கே தெரியாது. நாய் ஊளையிட்டுக்கொண்டு பாத்திக்குள் விழுந்தது. அதே நேரம் பின்னாலிருந்து இன்னொன்று அவள் கெண்டைக்காலைக் கவ்வியது. அதை உதறாமல், ஒரு கையால் பலகையைச் சுழற்றிக்கொண்டு, மறு கையால் ஏணைக்குள்ளிருந்து பிள்ளையை உருவினாள். உருவிய பிறகுதான் கத்தினாள். அவள் கத்தியது செல்லப்பனுக்கும் கேட்டது, ரோட்டிலும் கேட்டதாம். நாய்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடின.

அவள் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். காலைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள், எச்சிலைத் துடைத்தாள், தொடையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவன் வாயில் என்னவோ இருந்தது. விரலை விட்டு எடுத்தால், மென்று கூழான பூவரசம் பூ. அதை எடுத்துவிட்டாளே என்று அப்போதுதான் அழ ஆரம்பித்தான். அவளும் அழுதாள்.

சகாயமேரி வந்ததை அவள் பார்க்கவில்லை. நிழல் விழுந்தது, நிமிர்ந்தாள். ரோஸ்லினை இடுப்பில் வைத்துக்கொண்டு சகாயமேரி நின்றாள்.

"சந்தியா."

சந்தியா பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"காலின்னு நெனச்சேன்னு சொன்னேன்ல. பொய்." சகாயமேரி மூச்சு வாங்கினாள். "ஏணை ஆடிக்கிட்டு இருந்துச்சு. காலு வெளிய தெரிஞ்சுது. நான் பாத்தேன்."

சந்தியாவின் கை பக்கத்தில் கிடந்த பலகையைத் தேடியது. அடித்துக் கொன்றுவிடத்தான் தேடியது, அதில் சந்தேகம் வேண்டாம்.

"என் ஏணை காலியா இருந்துச்சு. எம்புள்ள தப்பிச்சிடுச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. அப்புறம் காலு நிக்கல. நிக்கணும்னு நெனச்சேன். ரோஸ்லின் மேல சத்தியம் பண்ணதுகூட ஞாபகம் வந்துச்சு. நிக்கல. நீ என்னை இன்னா வேணா பண்ணு."

பலகை கைக்குக் கிடைத்தது. ஆனால் சந்தியா அதைத் தூக்கவில்லை. வரப்பில் ஓடியபோது தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததை அவள் நினைத்தாள். அரை மைல் தூரம் ஓடினாள், ஒரு தரமாவது திரும்பிப் பார்த்திருந்தால் ஏணை ஆடுவது அவளுக்கும் தெரிந்திருக்கும். திரும்பாததற்கு அவளுக்குக் காரணம் தெரியும். திரும்பிப் பார்த்தால் நிற்க வேண்டி வரும். அதனால்தான் திரும்பவில்லை.

அதற்குள் அலை இல்லை என்ற சேதி ரோட்டுக்குப் போய், மேஸ்திரி முன்னால், பெண்கள் பின்னால் என்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். மேஸ்திரிக்குக் கடிபட்ட கை வீங்கியிருந்தது. கொட்டிக் கிடந்த வாளிகள், நாய்க் கால் தடம், சந்தியாவின் கெண்டைக்காலில் வழிகிற ரத்தம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஏம்மா, தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்று பொதுவில் சத்தம் போட்டார். "கடசியா மரத்தத் தாண்டி வந்தது யாரு? பச்சப் புள்ளய நாய்க்குப் போட்டுட்டு ஓடியாந்தவ யாரு? நீங்கள்லாம் பொம்பளைங்களா?"

மங்கம்மாவின் பார்வை சகாயமேரியிடம் போயிற்று. மற்றவர்களுடையதும் ஒவ்வொன்றாக அங்கே போய் நின்றது. சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். ரோஸ்லினை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உப்பளத்தில் ஒருத்திக்குப் பேர் கெட்டுவிட்டால் அப்புறம் அவள் பிள்ளை அழுதால் யாரும் ஏணையை ஆட்ட மாட்டார்கள், அவ்வளவு லேசான விஷயம் இல்லை அது.

"நாந்தான்" என்றாள் சந்தியா.

"இன்னா நாந்தான்?"

"நாந்தான் விட்டுட்டு ஓடினேன் மேஸ்திரி. மொதல்ல வந்தது நாந்தான். ரெண்டு ஏணையும் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு."

"பெத்தவளா நீ?" என்றார் மேஸ்திரி. மங்கம்மாதான் அவரைப் பிடித்துத் தள்ளினாள். "போதும், போய்யா. ரத்தம் போவுது, ஊசி போடணும். மேரி, நீ கூடப் போ. ரோட்டுல பஸ்ஸு நிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு."

சகாயமேரி ஏணைச் சேலையில் ஒரு துண்டு கிழித்தாள். மண்டி போட்டு உட்கார்ந்து சந்தியாவின் காலில் கட்டினாள். முகத்தை நிமிர்த்தாமலே இறுக்கிக் கட்டினாள். சந்தியா காலை இழுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. அன்றைக்கு இல்லை.

இருவரும் வரப்பில் நடந்தார்கள். சந்தியாவுக்கு இடது காலை ஊன்ற முடியவில்லை. உப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் தீயாக எரிந்தது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். மூன்றாவது தரம் நின்றபோது சகாயமேரி ரோஸ்லினை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள்.

"குடு சந்தியா. ரெண்டையும் நான் தூக்கிக்கறேன். நீ என் தோளப் பிடிச்சிக்கிட்டு வா."

கௌதம் பழக்கதோஷத்தில் அந்தக் கையைப் பார்த்துத் தாவினான். எத்தனையோ நாள் தாவியிருக்கிறான். சந்தியாவும் எத்தனையோ நாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்திருக்கிறாள்.

சந்தியா அந்தக் கையைப் பார்த்தாள். பிள்ளையை இழுத்து, இடுப்பில் இருந்தவனை மார்பில் மாற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள்.

சகாயமேரி கையை மடக்கிக்கொண்டாள். ரோடு இன்னும் கிட்டத்தட்ட அரை மைல் இருந்தது. சந்தியா நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தாள், சகாயமேரி அவள் காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள்.